ஏழு கிலோ குறைந்த கலாராணி

மனித குலத்தின் துயரங்கள் யாவற்றுக்கும் ஆதிமூலம், மனிதன் தன் உடலைத் தானே நேசிக்கத் தவறியமையே. மன்னார்க் கடலோரத்து வைத்தியசாலை ஒன்றில் இந்த வாசகம் ஆறடிப் பதாகையில் அச்சாகி, நோயாளர் கழிவறைக்குப் போகும் வழியில் தொங்கியது. ஆணி அங்கேதான் இருந்தது. வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். அதற்கும் மனம் என்று ஒன்று இருக்கக்கூடும்.

வாசகத்தை எழுதியவர் பொறுப்பு வைத்தியர் றெனால்ட். கொழும்பில் மூன்று நாள் மனநலப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தவர். போகும்போது சாதாரண வைத்தியராகப் போனார், ஞானியாகத் திரும்பினார். வந்த கையோடு ‘மனமகிழ்வு வாரம்’ ஒன்றை அறிவித்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் மேலிடத்துக்கு அறிக்கை போகவேண்டும், படங்களோடு.

ஐம்பதை நெருங்கும் வயதிலும் அவர் பலகை போல நிமிர்ந்து நடப்பார். வயிறு என்று ஒன்று வெளியே தெரியாது. கதிரையில் இருந்தாலும் முதுகு சாயாது. பேனை கீழே விழுந்தால் குனியமாட்டார். யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஊழியர்கள் இதைப் பதவியின் மிடுக்கு என்று நினைத்தார்கள். அவரோ மனம் சுத்தமாயிருந்தால் உடம்பு தானாக நிமிரும் என்று விளக்கம் கொடுத்து வந்தார்.

கிளினிக் நடப்பது விறாந்தையில். நிறுவைத் தராசு ஒரு முனையில் இருந்தது. நிலம் மட்டமாக இருப்பது அங்கேதான். பதிவு மேசை மறுமுனையில். காற்றாடி சுழல்வது அங்கேதான். இடையில் முப்பதடி தூரமும், நீள வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த எழுபது நோயாளரும். ஆகவே நிறை கூவப்பட்டது. கூவுகிறவர் சிற்றூழியர் ஆதம்பாவா. இந்த வேலை கிடைக்குமுன் கீரிக் கரையில் மீன் ஏலம் கூறினவர். தொழில் மாறியதே தவிர தொண்டை மாறவில்லை. ஒரு பெண் தராசில் ஏறினால் எண்ணை மூன்று தரம் இழுத்துச் சொல்லுவார். மூன்றாம் தரம் முடிகிறபோது, யாரோ கை தூக்கி அவளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கும். கெட்ட மனிதர் இல்லை. மேசைக்குக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். எண்ணை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தனுப்பலாம் என்பது பதினொரு வருடத்தில் எந்தப் படித்த தலைக்கும் தோன்றவில்லை.

கலாராணி முருங்கன் பக்கத்துக் குடியேற்றத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். இவள் வயலில் கூலிக்குக் களை பிடுங்குகிறவள். முப்பத்தாறு வயதில் மூட்டெல்லாம் வீங்கும் வியாதி வந்தது. ஒரு வருடமாக அதற்குத் தினமும் விழுங்கக் குளிசை. குளிசை மூட்டு வீக்கத்தை இறக்கி, அதைக் கொண்டுபோய் முகத்தில் ஏற்றியது. கன்னம் உப்பியது, கழுத்து காணாமல் போனது. களை பிடுங்கும் பெண்கள், பேக்கரியில் உப்பி வருகிற பணிஸை நினைத்து, ‘பணிஸ் அக்கா’ என்று கூப்பிட்டார்கள், அன்பாகத்தான். புருசன் லெட்சுமணன் வாயே திறக்கவில்லை. கலியாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தது அவள்தான்.

போன கிளினிக்கில் ஆதம்பாவா அவளை எழுபத்தெட்டு என்று மூன்று தரம் கூறினார். விறாந்தை முழுக்கத் திரும்பியது. முன்வாங்கில் மூக்குத் தோண்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர், விரலை உள்ளேயே வைத்துக்கொண்டு, அவளை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்குப் போனவள் அன்றிலிருந்து குளிசையைத் தொடவில்லை. இப்படித் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை. சொல்லவில்லை என்றும் சொல்லமுடியாது. அவளுடைய கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

மூன்று கிழமை ஆயிற்று. முகம் வற்றியது உண்மை. ஆனால் எழும்பினால் கண் இருட்டியது. இரண்டு நாளாகக் குடித்த கஞ்சித் தண்ணீரும் சத்தியாக வெளியே வந்தது. இதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். ஒரு ஆள், சாத்திய கதவு, அரை நிமிடம் போதும்.

கிடைத்தது கண்ணாடி. மனமகிழ்வு வாரத்தை முன்னிட்டுத் தராசுக்குப் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு நோயாளரும் அதன் முன் நின்று, ‘என்ர உடம்பு எனக்கு விருப்பம்’ என்று உரக்க மூன்று முறை சொல்லவேண்டும் என்பது றெனால்டின் ஏற்பாடு. திங்கள் தொடங்கி வியாழன்வரை எத்தனையோ வாய்களின் ஆவியும், எண்ணெய்த் தலைகளும், இருமல் துளிகளும் பட்டு, கண்ணாடி கருவாடு சுற்றிய தாள் போல ஆகியிருந்தது. துடைக்கச் சொல்லித் திட்டத்தில் எழுதியிருக்கவில்லை. யாரோ ஒரு குழந்தை நக்கிய இடம் மட்டும் தெளிவாக இருந்தது. கலாராணியின் முகம் அந்த இடத்தில்தான் வந்து நின்றது. சொல்லவேண்டியதை அவளும் மூன்று முறை சொன்னாள், விலாசம் சொல்லுகிற குரலில்.

அடுத்து மன அழுத்தப் படிவம். தாதி கிருசாந்தினி வாங்கு வாங்காகப் போய்க் கேள்விகளை உரத்து வாசித்தாள். நித்திரை கெடுகிறதா, பசி குறைகிறதா, செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா, ஓமா இல்லையா, கெதியாகச் சொல்ல வேண்டும். மச்சாளும் அயல்வீட்டுக்காரியும் அருகே இருக்க, கேட்கப்பட்ட அத்தனை பேரும் இல்லை என்றார்கள். பன்னிரண்டு நாளாக லீவு கிடைக்காத கிருசாந்தினியும் காலையில் தன் படிவத்தில் அப்படியே நிரப்பியிருந்தாள். அந்த வாரம் அந்த வைத்தியசாலையில் மன அழுத்தம் ஒருவருக்கும் இல்லை.

“மிஸ்ஸி, எனக்கு ஒரு விசயம் தனியச் சொல்லோணும்” என்றாள் கலாராணி.

“தனியச் சொல்லுறதுக்கு இதில கட்டம் இல்லை, அக்கா. டொக்டரிட்டச் சொல்லுங்கோ.” சொல்லிவிட்டு அவள் முகத்தை ஒருகணம் பார்த்தாள் கிருசாந்தினி. பிறகு அடுத்த வாங்குக்குப் போனாள்.

கலாராணி தராசில் ஏறினாள். ஆதம்பாவா எழுபத்தொன்று என்று மூன்று தரம் கூறினார். போன முறை எழுபத்தெட்டு என்று மேசையிலிருந்து பதில் வந்தது. இடையில் நின்ற றெனால்டின் காதில் இரண்டு எண்ணும் விழுந்தன. திங்கட்கிழமையிலிருந்து ஒரு வெற்றிக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர் அவர். கழித்துப் பார்த்து ஏழு என்று காண அவருக்கு நேரம் எடுக்கவில்லை. மனமகிழ்வு வாரத்துக்கென்று வாடகைக்கு வந்திருந்த ஒலிவாங்கியை எடுத்தார்.

அவர் பேசியதன் சாரம் இதுதான்: கண்ணாடி நான்கு நாளில் செய்த அற்புதத்தைப் பாருங்கள். கலாராணி கண்ணாடியைப் பார்த்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது என்பதை ஒருவரும் குறுக்கே சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். மூக்குத் தோண்டும் மனிதரும் வந்திருந்தார், அவரும் தட்டினார். கடதாசி மாலை வந்தது. ‘உடலை நேசித்த உத்தமி’ என்ற சான்றிதழ் வந்தது. பெயருக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது.

“டொக்டர், ஒரு விசயம்” என்றாள் அவள்.

“முதல்ல சிரியுங்கோ அம்மா.”

முதல் படத்தில் அவள் சிரிக்கவில்லை. இரண்டாவதில் கண் சொருகியிருந்தது. மூன்றாவது சரி வந்தது. அதுவரை அவள் தோளில் இருந்த கையை றெனால்ட் எடுத்து, சட்டைப் பையிலிருந்த மருந்துத் தண்ணீரை அதில் ஊற்றி, விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டார். கலாராணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தேய்த்து முடித்ததும் ஒலிவாங்கியை அவள் வாயருகே நீட்டி, மெலிந்த ரகசியத்தை மற்றவர்களுக்கும் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

“உங்கட குளிசையை நிப்பாட்டிட்டன், டொக்டர்” என்றாள் கலாராணி. “மூண்டு கிழமை. முகம் ஊதுது எண்டு நிப்பாட்டினனான். இப்ப தின்னுறது ஒண்டும் தங்குதில்லை. நிக்கேலாமக் கிடக்கு.”

ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. வாட்டுகளுக்கும் குசினிக்கும் வாசலில் நின்ற ஓட்டோக்காரருக்கும் அது கேட்டது. பழக்கதோஷத்தில் யாரோ கை தட்டி, பாதியில் நிறுத்தினார்.

றெனால்டின் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்த சுவரொட்டி போல. ஆனால் அவர் மெய்யாகவே வைத்தியம் படித்தவர். கொழும்பு ஞானத்துக்கு அடியில் எங்கோ பழைய பாடம் கிடந்தது. அது இப்போது மேலே வந்தது. முகம் வெளுத்தது.

கலாராணி கண்ணாடியைப் பிடிக்கப் போனாள். பிடி கிடைக்குமுன் சத்தி வந்தது. மஞ்சள் தண்ணீர் கண்ணாடியில் வழிந்து, மாலையில் இறங்கி, வைத்தியரின் மினுக்கிய சப்பாத்தில் சொட்டியது. அவள் சரிந்து அதிலேயே விழுந்தாள். சற்றுமுன் கை தட்டிய எழுபது பேரும் சேலைத் தலைப்பாலும் கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். கிருசாந்தினி மட்டும் படிவங்களைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, அந்த ஈரத்தில் முழங்காலிட்டு, அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“நாடி கிடைக்கேல்லை. கழுத்தில பாருங்கோ, டொக்டர்.”

றெனால்ட் நின்றார். கீழே விழுந்த பேனையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார், யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை.

“குனியுங்கோ, டொக்டர்” என்றாள் கிருசாந்தினி. குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஒலிவாங்கி அவர் கையில் திறந்தபடியே இருந்ததால் அதுவும் வைத்தியசாலை முழுக்கக் கேட்டது.

அவர் குனிந்தார். பழைய துணி கிழிகிற மாதிரி நீளமாக ஒரு சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

குனிந்தபிறகு வேலையைச் சரியாகத்தான் செய்தார். இன்ன ஊசி, இன்ன சேலைன் என்று தடுமாறாமல் சொன்னார். நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. மத்தியானத்துக்குள் கலாராணி வாட்டில் எழுந்து இருந்து தேத்தண்ணீர் கேட்டாள். கிருசாந்தினி பக்கத்துக் கட்டிலுக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அரை நிமிடம் அல்ல, அரை மணித்தியாலம் அவள் சொன்னதைக் கேட்டாள். குளிசையை மெல்ல மெல்லக் குறைக்கலாம், முகமும் மெல்ல வற்றும், திடீரென்று மட்டும் விடக்கூடாது என்று சொல்லி, அதைக் கொப்பியின் மட்டையிலேயே தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். கலாராணி எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தாள். போட்டிருந்த மாலையை என்ன செய்வது என்று கேட்டாள். குப்பை வாளியைக் காட்டினார்கள்.

மூன்றாவது படம் அன்று பின்னேரமே அறிக்கையோடு மேலிடத்துக்குப் போய்விட்டது.

விறாந்தையைக் கழுவ வந்த ஆதம்பாவா, தராசுக்கு அடியில், அந்த மஞ்சள் ஈரத்தில் கிடந்த ஒன்றைத் தும்புத்தடியால் இழுத்து எடுத்தார். தோல் நிறம், ஒரு சாண் அகலம், ஓரத்தில் ஒட்டிப் பிரிக்கிற பட்டை, பட்டையின் தையல் விட்டிருந்தது. யாரோ பொம்பிளையள் விட்டுவிட்டுப் போனது என்று நினைத்து, அது யாருடையது என்று மறுமுனை மேசைக்குக் கேட்கும்படி மூன்று தரம் கூவினார். யாரும் உரிமை கோரவில்லை. பதாகைக்குக் கீழே நின்ற றெனால்ட் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய சேட்டின் கடைசி இரண்டு பொத்தானும் வயிற்றின்மேல் பூட்டுப்படாமல் இருந்தன.

அது பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தாய்மார் வயிற்றில் கட்டுகிற பட்டி. பெரிய அளவு.