ஓரிரு இடங்களில்

2004 ஆகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. நுணாப்பாக்கம் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்னை வானிலை மையத்திலிருந்து ஃபேக்ஸில் அந்த வாரத்து வானிலை அறிக்கை வந்தது. செயலாளர் கல்யாணி அதைத் தமிழாக்கி வாசல் கரும்பலகையில் எழுதினாள்: ‘திங்கள் முதல் வெள்ளி வரை செங்கல்பட்டு, மதுராந்தகம் வட்டாரங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். பிற்பகலில் மின்னலும் பலத்த காற்றும் இருக்கலாம்.’

எழுதி முடிப்பதற்குள் தனகோடி வந்து பின்னால் நின்றார். ஊரிலேயே பெரிய வயல் அவருடையது. சித்திரையில் விதைத்த சொர்ணவாரிப் பட்டத்து நெல் முற்றி அறுப்புக்கு நின்றது.

“ஓரிரு இடம்னா எந்த இடம்மா? நம்ப ஊரு அதுல கீதா, இல்லியா?”

“அது போடலீங்க.”

“சரி, பெய்யக்கூடும்னா? பெய்யுமா, பெய்யாதா?”

“பெய்யலாம்...”

“அப்ப நாளைக்கு ஆள வுடட்டுமா, வாணாவா?”

கல்யாணி பலகையை மறுபடி படித்தாள். தான் எழுதிய வாக்கியமே தனக்குப் புரியவில்லை. அவள் நாகப்பட்டினத்துக்காரி. கணவனின் வேலைக்காக ஊரப்பாக்கத்தில் குடியேறி, தினமும் ரயிலும் பஸ்ஸும் மாறி இந்த ஊருக்கு வருகிறவள். மழை என்றால் ஐப்பசியில் கடல் பக்கமிருந்து வருவது என்றுதான் அவளுக்குப் பழக்கம். இங்கே ஆகஸ்டில், காலையெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு, சாயங்காலம் மேற்கேயிருந்து இடித்துக்கொண்டு வருகிறது. அதுவும் ஒரு ஊரில் கொட்டினால் அடுத்த ஊரில் புழுதி பறக்கிறது.

அறிக்கையின் கீழே ஒரு தொலைபேசி எண் இருந்தது. நரசிம்மன் என்பவர் எடுத்தார். அறிக்கையைத் தயாரிப்பவரே அவர்தான்.

“எங்க ஊருல பெய்யுமா சார்?”

“எந்த ஊர்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? இந்த வாரம் காத்துல ஈரம் இருக்கு, வெயிலும் இருக்கு. எங்கேயாவது மேகம் கட்டும். எங்கேன்னு அன்னிக்கு மத்தியானம் ராடார்ல பார்த்தாத்தான் ஓரளவுக்குத் தெரியும்.”

“ஜனங்க கேக்கறாங்க சார். நான் என்ன சொல்றது?”

“என் வீட்டுலயும் கேக்கறாங்க. துணி காயப்போடலாமான்னு.” அவர் சிரிக்கவில்லை.

போன வருஷம் பக்கத்து ஊரில் அறுப்பு வயலில் நின்றிருந்த ஒரு பெண் மின்னல் தாக்கி இறந்துபோனாள். அது நினைவுக்கு வரவும், கல்யாணி பலகையில் ஒரு வரி சேர்த்தாள்: ‘பகல் இரண்டு மணிக்கு மேல் யாரும் வயலில் நிற்க வேண்டாம்.’

செவ்வாய்க்கிழமை தனகோடியின் வயலில் பதினோரு பெண்கள் இறங்கினார்கள். அவர்களைக் கூட்டிவருபவள் ஜோதிலட்சுமி. பலகையை மதித்து இரண்டு மணிக்குக் கரையேறினார்கள். சாயங்காலம் வரை பளீரென்று வெயில் அடித்தது. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை எங்கோ உறுமியது. நாலு தூறல் விழுந்து மண் வாசனை கிளம்பியதோடு சரி. பக்கத்துப் படாளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டதாக பஸ் கண்டக்டர் சொன்னார்.

“தெனம் அர நாள் கூலி போவுதும்மா,” என்றாள் ஜோதிலட்சுமி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கல்யாணிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“முத்தின நெல்லு, காத்தடிச்சா கொட்டிப்பூடும்,” என்றார் தனகோடி. “நீ எழுதறது எங்கள காப்பாத்தவா, கெடுக்கவா?”

வெள்ளிக்கிழமை காலை திருத்திய அறிக்கை வந்தது. காற்று திசை மாறிவிட்டதாம். இடிமழைக்கு வாய்ப்பு குறைவாம். கல்யாணிக்கு மூச்சு வந்தது போலிருந்தது. பழையதையும் இரண்டு மணி வரியையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ‘இன்று மழைக்கு வாய்ப்பு குறைவு’ என்று பெரிய எழுத்தில் எழுதினாள். பெண்கள் படித்துவிட்டு வயலுக்குப் போனார்கள்.

மூன்று மணிக்கு மேல் சங்கத்துக்குள் வெளிச்சம் மங்கியது. வெளியே வந்து பார்த்தாள். மேற்கே வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கிழக்கே நல்ல வெயில். பலகையைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். இரண்டில் எதை நம்புவது? நரசிம்மனைக் கேட்கலாமென்று உள்ளே ஓடி போனை எடுத்தாள். லைன் செத்துக் கிடந்தது.

இப்போது போய்க் கூப்பிட்டு மழை வராவிட்டால், நாளையிலிருந்து ஒருத்தரும் பலகைப் பக்கம் திரும்பமாட்டார்கள். கூப்பிடாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? சங்கத்து சைக்கிளைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு ஏறி, தனகோடியின் வயலுக்கு மிதித்தாள்.

“அக்கா, கரை ஏறுங்க! எல்லாரும் ஸ்கூலுக்கு ஓடுங்க!”

ஜோதிலட்சுமி நிமிர்ந்தாள். “இன்னாம்மா, நீதான கொறைவுன்னு போட்டிருந்த?”

“இப்பத்தான் சென்னையிலேருந்து போன் வந்துச்சு. பெரிய இடியாம்!”

அந்தப் பொய் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. போன் என்றதும் பெண்கள் அரிவாள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். வேண்டா என்ற வயதான பெண் மட்டும் வரப்புப் பனையடியில் வைத்திருந்த சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பினாள். கல்யாணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த சற்று நேரத்தில் காற்று அறைந்தது. அடுத்து ஒரு வெள்ளை வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. கல்யாணிக்குக் காது அடைத்துவிட்டது. ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள்.

மழை விட்டதும் போய்ப் பார்த்தார்கள். வரப்புப் பனை உச்சியிலிருந்து அடிவரை பிளந்து புகைந்துகொண்டிருந்தது. தூக்குகள் உருண்டு கிடந்தன. பக்கத்தில் கட்டியிருந்த தனகோடியின் இரண்டு ஆடுகள் கால் விறைத்துக் கிடந்தன. வேண்டா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

தனகோடி ஆடுகளைப் பார்த்தார், பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “அந்த போன் பண்ண மவராசன் நல்லா இருக்கணும்,” என்றார்.

கல்யாணி குனிந்து, உருண்டு கிடந்த தூக்குகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

இரண்டு நாளும் அவளுக்கு அதே யோசனை. பொய் சொன்னதற்காக அழுவதா, சொன்னது நல்லதாயிற்று என்று சிரிப்பதா? திங்கட்கிழமை, விதைக்கடன் மனுவோடு வந்த ஜோதிலட்சுமியை உள்ளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

“அக்கா, அன்னிக்கு போனே வரல. மேற்க கறுத்துச்சு, பயந்துட்டேன். அதான்.”

ஜோதிலட்சுமி மனுவை மேசைமேல் வைத்தாள். “கறுத்தத நானுந்தான் பார்த்தேன். எப்பவும்னா அப்பவே ஏறிகினு இருப்பேன். நீ கொறைவுன்னு எழுதிட்டியே, படிச்ச பொண்ணு எழுதினது தப்பா இருக்காதுன்னு குனிஞ்சி அறுத்துகினு இருந்தேன்.”

கல்யாணி வாசல் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாள் பலகை அவர்கள் வேலையைக் கெடுத்தது. நாலாம் நாள் அவர்கள் கண்ணையே கட்டிவிட்டது. பேசாமல் பலகையைக் கழற்றிவிடலாமா?

“கயட்டிடாத,” என்றாள் ஜோதிலட்சுமி, அவள் முகத்தைப் படித்தவள் போல. “தெரியலன்னா தெரியலன்னு எழுது. நாங்க பாத்துக்கறோம்.”

அன்று லைன் சரியாகியிருந்தது. கல்யாணி நரசிம்மனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “அன்னிக்கு வராதுன்னுதான்மா நான் முழுசா நம்பினேன்,” என்றார் அவர். “ரெண்டு மணிக்கு ராடார் பார்த்ததும் உங்களுக்கு நானே ஒரு போன் பண்றேன். ஆபீஸ்ல இது என் வேலை இல்ல. இருந்தாலும் பண்றேன்.”

மறுநாள் இரண்டேகாலுக்குக் கூப்பிட்டார். “உத்திரமேரூர் பக்கம் மேகம் கட்டியிருக்கு. உங்க பக்கம்தான் நகருது. ஆனா கலையற மாதிரியும் தெரியுது. எனக்கே குழப்பமா இருக்கும்மா.”

கல்யாணி சைக்கிளில் போய், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே வயலில் சொன்னாள். பெண்கள் ஜோதிலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் கையை நெற்றியில் வைத்து மேற்கே பார்த்தாள்.

“இன்னும் நாலு கட்டு. அப்பால ஏறலாம். நீ இங்கியே நின்னு பார்த்துகினு இரு.”

கல்யாணி சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, வரப்பில் நின்று மேற்கே பார்க்கத் தொடங்கினாள். மேகம் வருவது போலவும் இருந்தது, போவது போலவும் இருந்தது.