கெம்ஸ்லியின் பத்தொன்பது இசைத்தட்டுகள்

நைஜல் கெம்ஸ்லி என்ற ஆங்கிலேயப் பாடகரின் பத்தொன்பது இசைத்தட்டுகளையும் வருஷ வாரியாக ஒப்புவிக்கத் தெரியாவிட்டால், என்னைக் கனடாவிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று என் மச்சாள் கிளடிஸ் உறுதியாக நம்பினார். மச்சாள் ஒன்றை நம்பினால் வீட்டில் மற்றவர்களும் நம்பித்தான் ஆகவேண்டும். ஆகவே மூன்று கிழமையாக வெங்காயம் வெட்டும்போதும் கெம்ஸ்லி, உடுப்பு மடிக்கும்போதும் கெம்ஸ்லி என்று என் சீவியம் போய்க்கொண்டிருந்தது.

நான் மன்னாரில் தபால் கந்தோரில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். கனடாவில் ரூஜ் என்ற இடத்தில் இருக்கும் சின்னம்மாவைப் பார்க்க விசிற்றர் விசாவில் வந்தேன். மாசி மாதக் குளிரில் சின்னம்மா வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நின்றுபோனது. திருத்த வந்தவர் ஜூலியன். பேஸ்மென்றில் குந்தியிருந்து ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி வேலை செய்துகொண்டிருந்தார். அது என்ன பாட்டு என்று நான் ஒரு மரியாதைக்குத்தான் கேட்டேன். மனிதர் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கெம்ஸ்லியைப் பற்றி முக்கால் மணித்தியாலம் விளக்கம் சொன்னார். மேலே சின்னம்மா இரண்டு சுவெற்றரைப் போட்டுக்கொண்டு வெடவெடத்துக்கொண்டிருந்தார். நான்கு மாதத்தில் எங்களுக்குத் தேவாலயத்தில் கலியாணம் நடந்தது.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது, எனக்கு முப்பத்து மூன்று. என் விசா முடிய ஐந்து கிழமை இருக்கும்போது கலியாணம். அதிகாரியின் கதிரையில் இருந்து பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுமோ, அதுதான் குடிவரவு அலுவலகத்துக்கும் தோன்றியது. ஒன்றரை வருஷம் கழித்து, இரண்டு பேரையும் நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டு பேரையும் தனித்தனியே கேட்பார்கள். பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் இது விசாவுக்காகச் செய்த கலியாணம் என்று எழுதிவிடுவார்கள். பிறகு நான் மூட்டை கட்டவேண்டியதுதான்.

இங்கேதான் மச்சாள் களத்தில் இறங்கினார். ஜூலியனுக்கு ஒரே அக்கா, ஊரில் கணிதம் படிப்பித்தவர். இங்கே எங்கள் ஆட்களில் நாலைந்து சோடிகளை இந்த நேர்முகத்துக்குத் தயார்படுத்தி அனுப்பியவர் என்ற பெருமை வேறு. நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளையும் பதில்களையும் கொப்பியில் அழகான எழுத்தில் எழுதி, ஒரு பிரதியை எனக்கும் மற்றதை ஜூலியனுக்கும் தந்தார். எங்கள் சனத்துக்குச் சோதனை என்றால் கொப்பி வேண்டும். உண்மையைக்கூட நாங்கள் பாடமாக்கிவிட்டுத்தான் சொல்லுவோம்.

கட்டிலில் யார் எந்தப் பக்கம், தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி, இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். கேள்வி அறுபதிலிருந்து எண்பதுவரை முழுக்கக் கெம்ஸ்லி. நாங்கள் அனுப்பிய படங்களில் முக்கால்வாசியில் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஜூலியனின் கெம்ஸ்லி தட்டுகள் அடுக்கிய அலுமாரி நிற்கிறது, படிவத்தில் 'எப்படிச் சந்தித்தீர்கள்' என்ற இடத்தில் தம்பி அரைப் பக்கத்துக்கு அந்தப் பாடகனைப் பற்றி எழுதி வைத்திருக்கிறான், ஆகவே நிச்சயம் கேட்பார்கள் என்று மச்சாள் சொன்னார். அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

1973 இல் 'சோல்ற் ஒன் த ஸ்ரெயர்ஸ்.' 1974 இல் 'த ரின் கிச்சன்.' அப்படியென்றால் தகரக் குசினி என்று ஜூலியன் சொன்னார். தகரக் குசினியைப் பற்றி நாற்பது நிமிஷம் பாட என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. 1979 இல் 'வெற் கிரவெல்' வரை முதல் ஏழும் மெல்லிய ரொக். தொண்டைக்குள் இனிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிற மாதிரி ஒரு குரல். அதற்குப் பிறகு இசைத்தட்டுக் கொம்பனி ஆளைக் கைவிட்டதாம். மனிதர் மூன்று வருஷம் ஒன்றும் பாடாமல் இருந்து, 'ஹாபர் ராக்ஸ்' என்ற எட்டாவது தட்டோடு ப்ளூஸ் பக்கம் போய்விட்டார். அதிலிருந்து 2011 வரை பன்னிரண்டு தட்டுகளும் ஒரே கரகரப்பு, ஒரே கிற்றார், ஒரே சோகம். ஏழு, பன்னிரண்டு, பத்தொன்பது. தபால் கந்தோர் மூளை, இரண்டு நாளில் ஏறிவிட்டது.

கேள்வி எழுபத்து நான்கு: இந்தத் தட்டுகள் அவருக்கு எப்படிக் கிடைத்தன? பதில்: எல்லாவற்றையும் அவரே ஒவ்வொன்றாக வாங்கினார், முதலாவதை முதல் சம்பளத்தில். நான் அதையும் பாடமாக்கினேன். ஜூலியன் கொப்பியைத் திறந்தும் பார்க்கவில்லை. "என்ர பாட்டை நான் படிக்கவேணுமோ?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நேர்முகத்தன்று காலை பத்து மணிக்கு முதலில் ஜூலியனைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். ஐம்பது நிமிஷம் போனது. கதவு திறந்து அவர் வெளியே வந்தபோது முகம் பேயறைந்தது போல இருந்தது. என்னோடு கதைக்கக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பார்வையாவது பார்த்திருக்கலாம். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் அதிகாரி, மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், கழுத்தில் பத்மநாதன் என்று பெயர் அட்டை. எனக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும் என்பது மச்சாளின் ஏற்பாடு. பத்மநாதன் என்னைப் பார்த்துத் தலையாட்டக்கூட இல்லை. சட்டம் அப்படியாம்.

கட்டில், சீனி, காலைச் சாப்பாடு எல்லாம் சரியாகப் போனது. பிறகு அதிகாரி ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதில் நாங்கள் இருவரும் நத்தார் பண்டிகைக் கேக் வெட்டுகிறோம், பின்னால் அலுமாரி. உங்கள் கணவருக்கு இந்த இசையில் நல்ல ஈடுபாடு போல, அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

நான் தொடங்கினேன். பத்தொன்பதையும், வருஷத்தோடு, மூச்சு விடாமல். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாததால் பத்மநாதன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பன்னிரண்டாவதில் அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். எனக்கு இடையில் நிறுத்தினால் விட்ட இடம் பிடிபடாது, ஆகவே பத்தொன்பதையும் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. என் கணவருக்கு எத்தனை வருஷமாக நான் மனைவி, எனக்கு இந்தப் பாட்டுகள் பிடிக்குமா என்று கேட்கவில்லை. இவை அவருக்கு எப்படிக் கிடைத்தன என்று மட்டும் கேட்டார்.

"எல்லாத்தையும் அவரே ஒவ்வொண்டா வாங்கினவர். முதலாவதை முதல் சம்பளத்தில."

அதிகாரி இரண்டு தாளைப் பின்னால் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். நான் அதையே சொன்னேன், ஒரு சொல் மாறாமல். அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது, ஒரு சொல்லையாவது மாற்றியிருக்கவேண்டும் என்று. அதிகாரி எழுந்து வெளியே போனார். பத்மநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நிமிஷத்தில் நான் மன்னாருக்குப் போய், கந்தோரில் முத்திரை கிழித்துக் கொடுத்து, 'புருஷன் எங்கை?' என்று கேட்ட சனத்துக்கெல்லாம் பதில் சொல்லி முடித்துவிட்டேன்.

அதிகாரி ஜூலியனோடு திரும்பி வந்தார். எனக்குப் பக்கத்துக் கதிரையில் அவரை இருத்தினார். பிறகு நிதானமாகச் சொன்னார்: உங்கள் பதில்கள் பொருந்தவில்லை. முதல் ஏழு தட்டுகளும் தான் வாங்கியவை அல்ல, முன்பு தான் மணம்முடிக்க இருந்த பெண் தன்னிடம் விட்டுவிட்டுப் போனவை என்று உங்கள் கணவர் சொல்கிறார். உங்களுக்கு ஏன் அது தெரியாது?

பத்மநாதன் அதைத் தமிழில் சொல்ல முதலே எனக்கு விளங்கிவிட்டது. அவர் சொன்னபோது இரண்டாம் தரமும் விளங்கியது.

நான் அதிகாரியை மறந்தேன். கனடாவையும் மறந்தேன். ஜூலியன் பக்கம் திரும்பி, "எந்தப் பெண்?" என்று கேட்டேன்.

"தனுஷிகா எண்டு. கல்கரிக்குப் போயிட்டா. போய் ஒன்பது வருஷம்."

"ஏழும் அவளின்ரயோ?"

"ஓம். மிச்சம் பன்னிரண்டும் நான்தான் தேடித் தேடி வாங்கினது."

அதாவது, ஒருத்தி பாதியில் விட்டுப்போனதை இந்த மனிதன் ஒன்பது வருஷமாக உட்கார்ந்து முழுமையாக்கியிருக்கிறார். மூன்று கிழமையாக நான் வெங்காயத்தோடு சேர்த்துப் பாடமாக்கியது இன்னொருத்தியின் பெட்டியை. எனக்குக் கோபம் தலைக்குமேல் ஏறிவிட்டது. என்ன சொன்னேன் என்று முழுக்க ஞாபகமில்லை. மச்சாளுக்கு இது தெரியுமா என்று கேட்டேன், தெரியும் என்றார். தெரிந்துதான் எழுபத்து நான்காம் கேள்விக்கு அந்தப் பதிலை எழுதினாரா, தம்பியும் அக்காவும் சேர்ந்து என்னை மடைச்சியாக்கினீர்களா, நான் தூசி தட்டித் துடைத்தேனே ஒவ்வொரு சனிக்கிழமையும் என்று கத்தினேன். அதிகாரி, என்ன சொல்கிறார் என்று பத்மநாதனைக் கேட்டார். அந்த மனிதர் குரலை உயர்த்தாமல், செய்தி வாசிப்பவர் மாதிரி, நான் மடைச்சி என்பதையும் நான் தூசி தட்டியதையும் ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

பதிலை யார் எழுதித் தந்தது என்று அதிகாரி கேட்டார். கொப்பியைப் பற்றியும், நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளைப் பற்றியும், மச்சாளைப் பற்றியும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விண்ணப்பம் நாசமாய்ப் போகட்டும் என்ற நிலையில் இருந்தேன். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார்.

"இவவுக்குச் சொல்லியிருக்கிறீங்கள்," என்று அதிகாரியைக் காட்டி ஜூலியனைக் கேட்டேன். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"இஞ்ச பொய் சொல்லிப் பிடிபட்டா உம்மை அனுப்பிப்போடுவினம் எண்டு பயந்தன். வீட்டில..." என்று நிறுத்தினார். "அண்டைக்கு ஃபேர்னஸ் திருத்தேக்க நான் முணுமுணுத்த பாட்டு அந்த ஏழில ஒண்டு. அதைக் கேட்டுத்தானே நீர் என்னோட கதைச்சனீர். அது அவ தந்த பாட்டு எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

பத்மநாதன் அதையும் மொழிபெயர்த்தார். இந்த முறை அது செய்தி வாசிக்கிற குரலாக இருக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இந்த விண்ணப்பத்தைத் தொடர விரும்புகிறீர்களா, இல்லையென்றால் இப்போதே மீளப்பெறலாம், உங்களை ஒருவரும் வற்புறுத்த முடியாது என்றார். அவர் என்னைத்தான் பார்த்துக் கேட்டார். ஜூலியனைப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகை மன்னாருக்குப் போகவேண்டி வரும் என்பதால் வந்ததல்ல. என் கலியாணத்துக்குள் எனக்குத் தெரியாமல் இன்னொருத்தி அலுமாரியில் வரிசையாக நின்றிருக்கிறாள் என்பதால் வந்தது.

"தொடருறன்," என்றேன். "ஆனா அந்த ஏழும் இண்டைக்கே வீட்டை விட்டுப் போகவேணும்."

அதிகாரி ஜூலியன் பக்கம் திரும்பினார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானே அதைத்தான் எதிர்பார்த்தேன், பிறகு வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

"அதுகள் போகாது," என்றார் ஜூலியன். "அவ போயிட்டா, பாட்டு என்னோட நிண்டிட்டுது. இப்ப அது என்ர பாட்டு. போகும் எண்டு இஞ்ச சொல்லிப்போட்டு வீட்ட போய் வச்சிருந்தா அதுவும் பொய்தான். உமக்கு இன்னொரு பொய் சொல்ல மாட்டன்."

அதைச் சொல்லி அவர் என்னை இழக்கலாம். அது அவருக்கு நன்றாகத் தெரியும். முகத்தில் தெரிந்தது. இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னவற்றில் எனக்குப் பிடிக்காத பேச்சு அதுதான், ஆனால் அதைத்தான் நான் முழுக்க நம்பினேன்.

அதிகாரி இன்னும் ஒரு தரம் கேட்டார். இதற்குப் பிறகும் தொடர விரும்புகிறீர்களா?

"ஓம்," என்றேன்.

நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று பத்மநாதன் காத்துக்கொண்டிருந்தார். வேறொன்றும் சொல்ல இருக்கவில்லை. அவர் அந்த ஒரு சொல்லை மொழிபெயர்த்தார். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோப்பின் கடைசித் தாளில் நிறைய நேரம் எழுதினார். இது உண்மையான கலியாணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இன்றைக்கே அனுமதிக்கிறேன், கடிதம் தபாலில் வரும் என்றார். கதவுவரை வந்து வழியனுப்பியபோது, அடுத்த முறை யாரும் எழுதித் தந்ததைப் படிக்காதீர்கள் என்று மெல்லச் சொன்னார்.

வெளியே நடைபாதையில் ஜூலியன் என் கையைப் பிடிக்க வந்தார். நான் கொடுக்கவில்லை. காருக்குள் ஏறி, ஹீற்றர் சூடாகி, பாதி வழி போனபிறகுதான் கொடுத்தேன்.