நாற்பது வீட்டுத் தண்ணீர்

செய்தித்தாள் விரித்த நீள மேசையில் ஆவி பறக்கும் ஆற்று இறாலையும் சோளக்கதிரையும் அல்சீட் கொட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய அக்காள் மகன் டெஸ்மண்ட் அதைச் சொன்னான்.

"நாலு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்சிட்டு ரெனெல் தண்ணிய மோந்து பாக்குற வேலைக்கா போனா, மாமா? அத என் நாய் சம்பளம் வாங்காமலே செய்யுமே."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அல்சீடின் மகள் ரெனெலும் சிரித்தாள். "உன் நாய்க்கு என்ன மார்க்குன்னு கேட்டுச் சொல்லு. சேத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த இறாலின் தலையைத் திருகினாள். அல்சீடுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வயதில் நேராக ஊர் ரசாயன ஆலைக்குள் போனவன் டெஸ்மண்ட். மணிக்கு நாற்பத்தோரு டாலர். வாசலில் நிற்கும் வண்டி பாதி வீடு அளவுக்கு இருந்தது. பட்டம் வாங்கிய தன் மகளுக்கு ஊர்த் தண்ணீர் நிலையத்தின் ஆய்வகத்தில் இருபத்தொரு டாலர். முப்பத்திரண்டாயிரம் டாலர் கல்விக் கடனில் அவள் கையெழுத்துக்குக் கீழே அல்சீடும் கையெழுத்துப் போட்டிருந்தார். மாதம் முன்னூற்று நாற்பது, பத்து வருடத்துக்கு. இருபத்து நான்கு வயதில் அவள் இன்னும் தன் சின்ன வயதுக் கட்டிலில்தான் படுக்கிறாள்.

அவர் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த அதே ஆலையின் ஆய்வகத்திலிருந்து இப்போது அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. முப்பத்து மூன்று டாலர். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

விருந்தாளிகள் போனபின் மேசையைத் துடைத்தபடியே கேட்டார். "மூணே வருஷத்துல கடன் தீந்துடும் கண்ணு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நானும் கணக்குப் போட்டுட்டேன், டாடி. உங்க கணக்கு சரிதான்."

"அப்புறம்?"

"கையில ஒரு வேலை பாதியில நிக்குது" என்றாள்.

அது என்ன வேலை என்று அல்சீடுக்குத் தெரிந்தது வியாழக்கிழமை, தேவாலயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில். குழாய்த் தண்ணீரில் ஈயம் இருப்பதாக ஊருக்குள் பேச்சுக் கசிந்துவிட்டது. நீர்வாரியத் தலைவர் கிட்ரி மேடையில் நின்று, நாற்பது வீட்டில் எடுத்ததில் பதினொன்றில் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கிறது, மறுபடி சோதித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். முன்வரிசையில் பேரக்குழந்தையை மடியில் வைத்திருந்த மிஸ் ஓசெல்லா கையைத் தூக்கினாள்.

"அதுவரைக்கும் இவனுக்குப் பால் கலக்க என்ன பண்றது?"

"பயமா இருந்தா கொதிக்க வச்சுக் குடுங்க" என்றார் கிட்ரி.

புயல் வந்த வருடமெல்லாம் கொதிக்க வைத்துத்தானே குடித்தோம் என்று அல்சீட் தலையாட்டினார். அந்த நேரத்தில் பின்சுவரோரம் நின்ற ரெனெல் பேசினாள்.

"கொதிக்க வைக்காதீங்க."

கூடம் திரும்பியது. கிட்ரியின் முகம் சிவந்தது. "ரெனெல், சோதிக்கிறது உன் வேலை. பேசறது என் வேலை."

"அந்த அறிக்கையில என் கையெழுத்து இருக்கு, சார்." அவள் மிஸ் ஓசெல்லா பக்கம் திரும்பினாள். "கொதிச்சா கிருமிதான் சாகும். ஈயம் எங்கயும் போகாது. கம்போ குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறுது இல்ல, மிஸ் ஓசெல்லா? அதே மாதிரி தண்ணி ஆவியாப் போகும், ஈயம் பானையிலயே நிக்கும். குழந்தைக்குக் கடைத் தண்ணியிலதான் பால் கலக்கணும். சமையலுக்கும் அதான்."

"இத்தன நாள் ஏன் சொல்லல?" என்று யாரோ கத்தினார்கள்.

"பத்து நாள் முன்னாடி எழுதிக் குடுத்தேன். குடுத்ததோட என் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அது என் தப்பு."

அவள் தரையிலிருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். உள்ளே சுத்தமான சோதனைக் குப்பிகள். ராத்திரி முழுக்கக் குழாயைத் திறக்கக் கூடாது, காலையில் வரும் முதல் தண்ணீரை இதில் பிடித்துக் கொண்டு வாருங்கள் என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். மிஸ் ஓசெல்லா குப்பியை வாங்கிக்கொண்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ யாரு பொண்ணும்மா?"

அவள் வாயைத் திறக்கும் முன்பே அல்சீட் எழுந்துவிட்டார். "என் பொண்ணு" என்றார். மூன்றே வீடு தள்ளி இருக்கும் மிஸ் ஓசெல்லாவுக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் அவர் சொன்னார், கூடத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி.

வீடு திரும்பும்போது வண்டியில் அவள் கைகளைத் தொடைகளுக்கிடையில் அழுத்தி வைத்திருந்தாள். "நாளைக்கு எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல, டாடி."

பட்டப்படிப்பின் விலை முப்பத்திரண்டாயிரம் என்று இத்தனை நாள் அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். அதில் எந்த வகுப்பில் அவள் இந்தக் கொதிநீர் விஷயத்தைக் கற்றிருப்பாள், அந்த ஒரு வகுப்புக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. "இல்லாட்டி பாத்துக்கலாம்" என்றார். திங்கட்கிழமையைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

விடிந்து ஆறு மணிகூட ஆகவில்லை, கதவு தட்டப்பட்டது. அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை போலும். நேராக வீட்டுக்கே வந்திருந்தார்கள். படிக்கட்டிலிருந்து சாலைவரை வரிசை. சிலர் இரவு உடையிலேயே நின்றார்கள். ரெனெல் தலைமுடியை அவசரமாக அள்ளி முடிந்துகொண்டு, எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள், ராத்திரி யாராவது குழாயைத் திறந்தார்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். அல்சீட் தன் வண்டியின் பின்கதவைக் கீழே இறக்கிவிட்டு, பேனாவும் ஒட்டுத்தாளும் எடுத்துவந்தார்.

"பேரு சொல்லுங்க. தெரு? பிடிச்ச நேரம்?"

ஆலைப் பதிவேட்டில் எழுதிவந்த அதே கவனத்தோடு, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். ஒட்டிய குப்பிகள் பின்கதவின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. வெயில் ஏறி அவற்றின் வழியே விழுந்தது. இருபது, முப்பது, ஐம்பது. ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாமே ஒன்றுபோல் தெளிவாக இருந்தன; எதில் ஈயம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை.