வர வேண்டிய பதில்

கரண்டியால் ஊற்றிய பால் மீரா சாகிபின் கடைவாய் வழியே தலையணையில் வழிந்தது. அமீர் நிஷா முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் கரண்டியை எடுத்தாள்.

"போதும்மா, புரையேறிரும்," என்றார் டாக்டர் தெட்சிணாமூர்த்தி.

புயல் காற்றிலும் தோணியின் சுக்கானை விடாத மனுஷன் அவள் புருஷன். போன மாதம் கோட்டுச்சேரிச் சந்தையில் ஒரு நாய் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. "மஞ்சளை வச்சுக் கட்டு, சரியாயிரும்," என்றவரை அவள்தான் அழுது அடம்பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். தொப்புளைச் சுற்றித் தினம் ஓர் ஊசி. அது முடியும் முன்பே கால் மரத்தது. பிறகு இடுப்பு, கை, கடைசியில் பேச்சு.

"நாய் விஷந்தானே டாக்டர்?"

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். கதவோரம் நின்ற அவள் தம்பி ஜெகபர் சாதிக் தலை குனிந்துகொண்டான். அந்த நாய் வெறி எதுவும் பிடிக்காமல் இன்னும் நல்லபடியாகச் சந்தையில் திரிவதைப் பார்த்துவிட்டு வந்து டாக்டரிடம் சொன்னவன் அவன்தான்.

"இல்லம்மா. எங்கேயோ ஒருத்தருக்கு இந்த ஊசியே ஒத்துக்காமப் போயிரும். மூளையில நரம்பு மேல வெள்ளையா ஒரு உறை இருக்கு. பக்கத்துல இருக்கற சின்னச் சின்ன உயிரணுக்கள்தான் அதைப் போர்த்தி வச்சிருக்கு. ஊசி போட்டதுல உடம்பே அந்த உறையை அரிச்சிருச்சு. நரம்பு இருக்கு, ஆனா மூளை சொல்றது போய்ச்சேர நேரமாவுது. பாதி சேர்றதே இல்ல."

"நான் பேசுறது அவங்களுக்குக் கேக்குதா?"

"கேக்கும். கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்க. பொறுமையா இருந்து பாருங்க."

அவள் காதருகே குனிந்தாள். "மச்சான், நான்தான். தெரியுதுங்களா? தெரிஞ்சா கண்ணைச் சிமிட்டுங்க."

ஒன்றுமில்லை. கொல்லையில் யாரோ வாளியை இறக்கி, நீர் மொண்டு, குடத்தில் ஊற்றினார்கள். அப்புறம் இமைகள் மெல்ல மூடித் திறந்தன.

டாக்டர் போனதும் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான்தானே மச்சான் உங்களை ஊசிக்கு அனுப்புனேன்? என்னைப் பொறுத்துக்கிட்டீங்களா?"

காத்திருந்தாள். பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்தது. அவர் மூச்சு ஒரு தரம் நீளமாக இழுத்து நின்றது. ஜெகபர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான். "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்தபடி, திறந்திருந்த கண்களை மூடக் கையை நீட்டினான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறு தம்பி."

"லாத்தா..."

"இப்பத்தான் கேட்டிருக்கேன். அவங்களுக்குக் கொஞ்சம் நேரமாவும்."

படுக்கையில் கிடந்தவருக்காக யாசீன் ஓத வந்த பெண்கள் நிலைப்படியிலேயே நின்றார்கள். அவள் தம்பியின் கையை விடாமல், அந்த இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.