எலிக்கு நடைப்பயிற்சி

முதியோர் இல்லத்து நிர்வாகி அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அந்த எலி வெளிய போகணும். இல்லேன்னா நீங்க இனிமே வர வேண்டாம். நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

பூச்சிமருந்துக்காரருக்கு இருக்கிற வேலையில் பெரிய வேலை இதுதான். மூன்று வாரமாகக் கட்டிலுக்குக் கட்டில் பசை அட்டை வைத்தாயிற்று. ஒட்டிக்கொண்டவை இரண்டு செருப்பும் ஒரு பல்செட்டும். பல்செட்டுக்காரர் இன்னும் இவரிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. கூண்டில் வைத்த வேர்க்கடலையை எலி மோந்துகூடப் பார்க்கவில்லை.

ஆறாம் அறைக் கட்டிலடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது மேலிருந்து குரல் வந்தது. அங்கே குடியிருப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

"தம்பி, உன் கடலையை அது தொடாது. பத்து மணிக்கு நான் க்ரீம் பிஸ்கட் போடறேன். பன்னெண்டுக்கு எதிர் ரூம் மிலிட்டரிக்காரர் கேக் போடறார்."

"உங்க ரெண்டு பேருக்கும் சர்க்கரையாச்சே, டீச்சர். இனிப்பு ஏது?"

"பாக்க வர்றவங்க மறந்துபோய் வாங்கிட்டு வருவாங்க. எங்களாலதான் திங்க முடியல. திங்கறதப் பாக்கவாவது வேண்டாமா?"

சக்கர நாற்காலியில் வாசலை அடைத்தபடி மிலிட்டரிக்காரர் வந்து நின்றார். "அதுமேல கை வெச்சே, நடக்கறதே வேற."

மருந்துக்காரர் தரையிலேயே உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தார். "அது தண்ணி நிறைய குடிக்குதா?"

"கிண்ணம் கிண்ணமா."

"ரெண்டடி நடந்தா மூச்சு வாங்குதா?"

"ஆமா, உக்காந்துக்குது."

"அப்ப அதுக்கும் சர்க்கரைதான்."

இருவருக்கும் முகம் செத்துப்போயிற்று.

"என்ன செய்யணும்?" என்றார் டீச்சர்.

"இனிப்பு அறவே கூடாது. திறந்தவெளியில நடக்கணும்."

"இங்க இருந்தா கட்டுப்பாடா இருக்காது," என்றார் மிலிட்டரிக்காரர். "நானே கட்டுப்பாடா இருக்கேனா?"

டீச்சர் கடைசி பிஸ்கட்டைக் கூண்டுக்குள் வைத்துச் சப்புக்கொட்டினார். பீரோவுக்குப் பின்னாலிருந்து எலி ஆடி அசைந்து வந்து, உள்ளே போய், சாவகாசமாகத் தின்ன உட்கார்ந்தது. மருந்துக்காரர் கதவைச் சாத்தினார்.

ஊருக்கு வெளியே பொட்டலில் விட்டுவிட்டு வெறுங்கூண்டோடு திரும்பினார். எலியோடு போன கூண்டு காலியாகத் திரும்பியதை நிர்வாகி அம்மா எட்டிப் பார்த்தார். "சரி, அடுத்த மாசமும் நீங்களே வாங்க."

அவருக்குப் பின்னால் நடைவழி முழுக்கச் சக்கர நாற்காலிகள்.

"நடந்துச்சா?" என்றார் டீச்சர்.

"நடந்துச்சு, டீச்சர். ரெண்டு சுத்து."

"அதுக்கு மட்டும் ரெண்டா?" என்றார் மிலிட்டரிக்காரர். "என்னை இந்த நாற்காலியோட நாலு சுத்துல்ல விரட்டறாங்க."