கடைசிப் பக்கத்திலிருந்து

இரண்டு ஆண்கள் காதலிக்கும் ஜப்பானியச் சித்திரக் கதைகளைப் பற்றி, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவனிடம் வாய் கொடுத்தால் மீள முடியாது. மழை வந்தால் இருவருக்கும் ஒரே குடைதான் என்பது அவனுக்கு ஆகாது. விடுதியில் ஒரு கட்டில்தான் காலி என்றதும் புத்தகத்தை மூடிவிடுவான். பொறாமையில் சட்டையைப் பிடிப்பதைக் காதலென்று வரைகிறவர்கள்மேல் அவனுக்கு அப்படியொரு கோபம். மற்றவன் தூங்கும்போது காதலைச் சொல்வது எல்லாவற்றிலும் மோசம். ஒரு வாக்கியத்தில் முடிய வேண்டியதை நான்கு பாகத்துக்கு இழுக்கிறார்களே என்று இணையத்தில் பக்கம் பக்கமாகப் பொரிந்து தள்ளுவான்.

அவனிடம் இரவல் வாங்கிப் படிக்கும் அவன் அக்காவோ அந்த ஒரே குடையின் கட்சி. "ஊருக்குத்தான் உபதேசம். பக்கத்து நாற்காலிக்காரன்கிட்ட அஞ்சு வருஷமா ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல" என்றாள்.

பக்கத்து நாற்காலிக்காரன் பிரேம் மாட்டுபவன். அவனுடைய கண்ணாடியே தடிமன் என்பதால் கடையில் எல்லோருக்கும் சோடாபுட்டி. கடையின் பின்னறையில் தேய்ப்பு இயந்திரத்தின் தண்ணீர் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். மதிய வெயில் கழுவி வைத்த லென்ஸ்களுக்குள் புகுந்து சுவரெல்லாம் சிறு சிறு வெளிச்சங்களாக அலையும். அவற்றில் ஒன்று சோடாபுட்டியின் காதோரம் வந்து நிற்கையில் லென்ஸ் தேய்ப்பவனுக்குத் தான் எந்த உலகத்தில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும்.

திங்கட்கிழமை சோடாபுட்டி வேறு ஊர்க் கிளைக்கு மாறிப் போகிறான். அதற்குள் சொல்லியாக வேண்டும். சொன்னால் முகம் சுளிப்பானோ என்பதுதான் பயம். ஆழம் பார்க்க, அந்தச் சித்திரக் கதைகளில் தனக்கு மிகவும் பிடித்த புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டுக் கொடுத்தான். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்ற குறிப்பு அந்தத் தாளின் மடிப்புக்குள் போய்விட்டது. அப்படியே படித்துப் பழகியவனுக்கு அதைச் சொல்லவும் தோன்றவில்லை.

இரண்டு நாள் சோடாபுட்டி சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் புத்தகம் மேசைக்குத் திரும்பி வந்தது.

"இதை ஏன் எனக்குக் குடுத்த?"

"பிடிக்கலையா?"

"எப்படிப் பிடிக்கும்? ஒரே வீட்ல எவ்வளவு நல்லா இருந்தாங்க. ஒருத்தனுக்கு ஒருத்தன் தலை துவட்டி விடறான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விலகிப் போறாங்க. கடைசியில ரயில் நிலையத்துல யாரோ எவரோன்னு நிக்கறாங்க. ரெண்டு நாளா மனசே சரியில்ல."

நம் புத்தகம்போல இடப்பக்கத்திலிருந்து படித்திருக்கிறான். பேச்சு முன்பின்னாக இருக்கவில்லையா என்று கேட்டதற்கு, காதலிக்கிறவர்கள் அப்படித்தான் உளறுவார்கள் என்று நினைத்தானாம்.

லென்ஸ் தேய்ப்பவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். கீறல் விழும் என்று இந்தத் தொழிலில் இருப்பவன் எவனும் அப்படித் துடைக்க மாட்டான்.

"திங்கட்கிழமை நான் போயிடுவேன்," என்றான் தலை நிமிராமல். "நாமளும் அப்படி ஆயிடுவோமா?"

லென்ஸ் தேய்ப்பவன் இயந்திரத்தை நிறுத்தினான். இவ்வளவு சந்தோஷமாக அவன் என்றுமே இருந்ததில்லை.

"அவங்க பிரியல. நீ பின்னாலேருந்து படிச்சிருக்க. ரயில் நிலையத்துலதான் முதல்ல பார்த்துக்கிட்டாங்க," என்றான். பிறகு, "எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். அவங்களுக்கு ஒருத்தனை ஒருத்தன் பிடிச்ச மாதிரி," என்றான்.

கண்ணாடி இல்லாமல் சோடாபுட்டிக்கு எதிரே இருப்பவர் முகம் தெரியாது. அதை எடுத்து மாட்டிக்கொள்ளாமல், முகம் தெரியும்வரை நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தான்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றான்.