கைநீட்டிய தண்ணீர்

வேப்பங்குப்பத்தில் தண்ணீர் முதன்முதலாகக் கைநீட்டியது ஒரு மாசி மாதக் காலையில். மோகன்ராஜின் தாடை எலும்பு முறிந்தது. ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த பையன்களுக்காக அவர் கட்டியிருந்த லாட்ஜின் பின்புறம், முகம் கழுவக் குனிந்தவரைப் போர்வெல் தண்ணீர் முஷ்டியாகத் திரண்டு குத்தியது. அந்த வாரம் முடிவதற்குள் ஊரில் பாதிப் பேருக்கு முகம் வீங்கிவிட்டது. பல் போனவர்கள் சத்தியவேடு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். மற்றவர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு விலகி நின்று, குடத்தைக் காலால் தள்ளிவைக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஸ்வர்ணலதாவுக்குப் புருவம் கிழிந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைக்குழந்தை உதயாவுக்குப் பவுடர் பால் கரைக்கத் தண்ணீர் வேண்டும். நல்லது என்று நினைத்து, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்தாள். ஒருநாள் குழந்தையின் உதடும் நகமும் நாவற்பழமாகக் கறுத்தன. திருப்பதி ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் கேழ்வரகுக் கூழின் நிறத்தில் இருந்தது. நீல மருந்து ஏற்றிக் குழந்தையைப் பிழைக்கவைத்த டாக்டர், தண்ணீரில் கழிவிலிருந்து இறங்கிய நைட்ரேட் என்றும், கொதிக்கவைத்தால் அது இன்னும் கூடும் என்றும் தெலுங்கில் சொன்னார். கக்கூஸ் குழி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

ஊர் முழுக்க லாட்ஜைத்தான் கைகாட்டியது. ஆண்கள் மோகன்ராஜைத் தெருவில் இழுத்துப்போட்டு மிதித்தார்கள். கட்டுப்போட்ட தாடையோடு அவரால் கத்தக்கூட முடியவில்லை. ஸ்வர்ணலதா கடப்பாரையால் லாட்ஜ் செப்டிக் டேங்கின் மூடியை உடைத்தாள். பிறகு அதே கடப்பாரையை அவர் முழங்காலில் இறக்கினாள். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டு அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

லாட்ஜ் காலியானது. தண்ணீர் அடிப்பதை நிறுத்தவில்லை. அவள் புருஷன் சந்துருவுக்கு விலா எலும்பு இரண்டு போயின.

நிலத்தடி நீரைச் சோதிக்கச் சித்தூரிலிருந்து கேசியா வந்தாள். வீடு வீடாகத் தண்ணீர் பிடித்து, வீட்டுக்கு ஓர் அடியும் வாங்கினாள். நைட்ரேட் ஏற ஏற அடியும் பலமாக இருந்தது. ஸ்வர்ணலதாவின் குழாய் அவளைச் சுவரில் தூக்கி எறிந்தது.

"உங்க போர்லதாங்க்கா ஊர்லயே நைட்ரேட் ஜாஸ்தி," என்றாள் கேசியா.

"இன்னா மேடம் பேசுறீங்க? எங்க டேங்க் கட்டனதுலேர்ந்து ஒரு தபா கூட ரொம்பனதில்ல. அந்த லாட்ஜ்காரன் குழிதான் ஒழுகிக்கினு கீது."

"அதுவும் ஒழுகுது. ஆனா லாட்ஜ் பள்ளத்துல கீது. பள்ளத்துத் தண்ணி மேட்டுக்கு ஏறாதுக்கா. உங்களுது ரொம்பலன்னா அவ்ளோவும் எங்க போச்சு?"

ஸ்வர்ணலதா அவளை ஓங்கி அறைந்தாள். கேசியாவின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அடிச்சாச்சா? வாங்க, குழியத் தெறந்து பாக்கலாம்."

குழிக்கும் போருக்கும் நடுவில் ஒரு துளசிச் செடிதான் இருந்தது. மூடியைத் தூக்கினார்கள், சிமெண்ட் உறைகளுக்கு அடியில் வெறும் மணல். அடியில் கான்கிரீட் வேண்டாம், மண்ணே குடித்துக்கொள்ளும் என்று மேஸ்திரியிடம் சொன்னவள் ஸ்வர்ணலதாதான். அங்கேயே உட்கார்ந்து குழந்தையின் பேரைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மோகன்ராஜ் வீட்டுக்குப் போனாள். "எங்க குழிதாண்ணா. நான்தான் அத்த எம்புள்ளைக்கு ஊட்டிக்கினு இருந்தேன்," என்றாள். அவர் ஊன்றுகோலால் அவள் மணிக்கட்டை முறித்தார். அவள் கையைப் பின்னால் இழுக்கவில்லை.

அவள் வீட்டுக் குழிதான் முதலில் மூடப்பட்டது. அடித்தளம் போட்ட தொட்டிகளுக்கு ஊர் மாறச் சில வருஷங்கள் பிடித்தன. மண்ணில் ஊறியது உடனே போகாது என்று கேசியா சொன்னபடியே, தண்ணீரின் கோபமும் மெதுவாகத்தான் இறங்குகிறது. முஷ்டி இப்போது உள்ளங்கையாகியிருக்கிறது. குடிக்கக் கேன் தண்ணீர், புழங்கப் போர்த் தண்ணீர். உதயா பள்ளிக்கூடம் போகிறாள். வேப்பங்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்களுக்குச் சீர்வரிசையில் பித்தளைக் குடத்தோடு ஒரு ஹெல்மெட்டும் வைத்துவிடுகிறார்கள்.